எட்டு மணி ஜெபம்

எங்கள் ஊர்க் கோயிலில் ராத்திரி எட்டு மணிக்கு இப்போதும் மணி அடிக்கிறது. அடிப்பது ஆள் இல்லை, டைமர் வைத்த ஒரு பெட்டி. கூம்பு ஒலிபெருக்கியில் மணிச்சத்தம் கேட்கும். பின்னாலேயே ஒரு வசனம் வரும். பழைய வெண்கல மணி கோபுரத்திலேதான் தொங்குகிறது. அதன் கயிற்றைச் சுருட்டி ஓர் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

கோயில் என்று எழுதியதும் வெளியூர்க்காரர்கள் குழம்பக்கூடாது. திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர்களுக்கு அது கோயில்தான். ஆச்சி கடைசிவரை 'கோயிலுக்குப் போயிட்டு வாரேன்' என்றுதான் சொன்னாள். என் பிள்ளைகள் காலத்தில் அது சர்ச் ஆகிவிட்டது.

எங்களுடையது மெஞ்ஞானபுரத்தை ஒட்டிய தேரிக்காட்டு ஊர். அந்தக் காலத்தில் ஜான் தாமஸ் என்ற மிஷனரி கட்டிய மெஞ்ஞானபுரம் கோயிலின் கோபுரம் 192 அடி உயரம். பனை உச்சியில் இருந்தால் அந்தக் கோபுரம் தெரியும் என்று தாத்தா சொல்லுவார். அப்போதெல்லாம் மிஷன் ஊர்களில் காலையும் மாலையும் மணி அடித்து, சனங்களைக் கோயிலில் கூட்டி உபதேசியார் ஜெபம் நடத்துவது வழக்கம். என் சிறுவயதுக்குள் அந்த மாலை ஜெபம் பெரும்பாலும் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது. மணி மட்டும் கோயிலில். பாய் அவரவர் திண்ணையில்.

ஆச்சியின் ஜெபத்தை இப்போது நினைத்தாலும் முதலில் வருவது மண்ணெண்ணெய் வாசம். அரிக்கேன் விளக்கின் திரியை இறக்கி வைப்பாள். ஜெபத்துக்கு அவ்வளவு வெளிச்சம் போதும் என்பது அவள் கணக்கு. முதலில் ஒரு கீர்த்தனை. பிறகு அப்பா ஓர் அதிகாரம் வாசிப்பார். ஆச்சிக்கு எழுத்து தெரியாது. கேட்டுக் கேட்டே 23, 91, 121-ஆம் சங்கீதங்கள் அவளுக்கு மனப்பாடம். அப்பா ஒரு சொல்லை விட்டுவிட்டால் இருட்டுக்குள்ளிருந்து அந்தச் சொல் வரும்.

பகலெல்லாம் "ஏட்டி, அங்க என்ன பண்ணுத?" என்று அதட்டுகிற வாய், முக்காடு போட்டதும் 'தேவரீர்' என்று தொடங்கும். வீட்டில் யாரையும் அவள் அப்படி அழைத்தது கிடையாது. அந்தச் சொல்லை அவள் வேறெங்கும் செலவழித்ததே இல்லை. அது ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871-இல் வந்த வேதாகமத்தின் தமிழ். விடிலியில் பதநீர் காய்ச்சுகிற கைக்காரி, பொழுது அடைந்ததும் அந்தத் தமிழுக்குள் குளித்து ஏறினவள்போல் உட்கார்ந்திருப்பாள்.

ஜெபம் நீளம். அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பனையில் ஏறுகிறவர்கள். பங்குனி, சித்திரையில் ஒரு நாளைக்கு ஒரே மரத்தில் இரண்டு தடவை ஏறி இறங்க வேண்டும், வழுக்கினால் அவ்வளவுதான். பிறகு வியாதிக்காரர், விதவைகள், கர்ப்பிணிகள், சினை மாடு, வற்றிப்போன கிணறு. அப்புறம் கொழும்பு, அப்புறம் பம்பாய். கடைசியில் நாட்டை ஆளுகிறவர்கள். நாங்கள் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு வழி எண்ணுகிற பயணிகள்போல் இருப்போம். கிணறு வந்தால் பாதி. பம்பாய் வந்தால் சோறு பக்கத்தில் வந்துவிட்டது. இந்திரா காந்திக்காக ஆச்சி ஜெபிக்கும்போது தம்பி தூங்கி என் மடியில் சாய்ந்திருப்பான்.

அந்த நாட்களை நான் தங்கமுலாம் பூசிக் காட்ட விரும்பவில்லை. ஆச்சி பெற்றது ஏழு, வளர்ந்தது ஐந்து. பக்கத்தில் டாக்டர் இல்லை, பஸ் இல்லை, கையில் காசு இல்லை. கர்த்தரை நம்புவதைத் தவிர அவளுக்கு வேறு வழி எதையும் யாரும் கொடுத்துவைக்கவில்லை. அதை விசுவாசம் என்பதா, வேறு கதவு இல்லாததால் அந்த ஒரு கதவையே தட்டிக்கொண்டிருந்தாள் என்பதா, எனக்கு இன்றும் தீரவில்லை. அவளிடம் கேட்டிருந்தால் ரெண்டும் ஒண்ணுதானே என்றிருப்பாள்.

அடுக்களையில் பிடி அரிசிப் பானை ஒன்று இருந்தது. உலையில் போட அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அந்தப் பானையில் போட வேண்டும். பானை நிறைந்ததும் அது கோயிலுக்குப் போகும். வீட்டில் அரிசி குறைவான நாளிலும் பிடி குறையாது. ஆச்சியின் கைதான் கொஞ்சம் சின்னதாகும்.

நான் சொல்ல வந்தது சித்தப்பாவின் கடிதம் பற்றி. நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது தாராவியில் மளிகைக் கடையில் வேலை பார்த்த சித்தப்பா, சைக்கிளில் போகும்போது லாரி இடித்துக் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். எங்களுக்குத் தெரியாது. தினமும் எட்டு மணிக்கு ஆச்சி பம்பாய்க்கு வரும்போது, அவரைச் சுகமாய்க் காத்துவருவதற்காக ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்பது நாள் கழித்து இன்லண்டு லெட்டர் வந்தது. அப்பா வாசித்தார். ஆச்சி அழுதாள், பிறகு விரல் விட்டு நாட்களை எண்ணினாள்.

எனக்கு ஒரு சந்தேகம். "ஆச்சி, நீ சுகமா இருக்காருன்னு ஜெபம் பண்ணும்போதெல்லாம் சித்தப்பாக்குக் காலு ஒடஞ்சுல்லா கெடந்துருக்கு?"

"லெட்டரு நமக்குத்தாம்ட்டி ஒம்போது நாளு பிந்திருக்கு. அவருக்குமா பிந்தும்?" என்றாள். அவர் என்றது சித்தப்பாவை அல்ல.

அந்த ஒன்பது நாள் இப்போது யாரிடமும் இல்லை. ஜெபம், ஆராதனை, நம்பிக்கை எல்லாம் எங்கே மாறின என்று கேட்டால் பலரும் பாட்டையும் கைதட்டலையும் காட்டுவார்கள். அது மேலே தெரிகிற மாற்றம். வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்து வந்த கீர்த்தனைகளுக்குப் புத்தகத்தில் ராகமும் தாளமும் போட்டிருக்கும். 1990-களில் ஃபாதர் பெர்க்மான்ஸின் ஜெபத்தோட்டப் பாடல் கேசட்டுகள் வீடு வீடாக வந்தன. பிறகு கீபோர்டும் டிரம்ஸும் கோயிலுக்குள் வந்தன. இப்போது பீடத்துக்குப் பக்கத்தில் எல்இடி திரை. பெரியவர்கள் பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டே திரையைப் பார்த்துப் பாடுகிறார்கள். காணிக்கைப் பையோடு க்யூஆர் அட்டையும் வருகிறது. இதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. ஆச்சியின் தேவரீர் அப்பா காலத்தில் 'நீர்' ஆனார். என் மகளுக்கு 'இயேசப்பா, நீங்க பாத்துக்கோங்க' என்கிற அளவுக்கு நெருங்கிவிட்டார். மரியாதை போய்விட்டது என்று ஊரில் சில அண்ணாச்சிமார் முணுமுணுப்பது உண்டு. பரீட்சை அன்று காலையில் அவள் அப்படிச் சொல்வதை ஒட்டுக்கேட்டிருக்கிறேன். ஆச்சி சினை மாட்டுக்காகக் கேட்டபோது குரலில் இருந்த அதே அவசரம்தான்.

உள்ளே நடந்தது வேறு. ஜெபத்துக்கும் பதிலுக்கும் நடுவே இருந்த அந்தத் தெரியாத வெளி சுருங்கிப்போனது. ஆச்சி குடியிருந்தது அங்கேதான். இப்போது தம்பி துபாயில் இறங்கும் முன்பே விமானம் எந்தக் கடலுக்கு மேல் பறக்கிறது என்று அம்மா செல்போனில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதனால் அவள் நிம்மதியாக இருக்கிறாளா என்றால், இல்லை. "ராத்திரி ரெண்டு மணிக்கு ஆன்லைன்ல இருந்தியே, என்ன சங்கதி?" என்று காலையில் எனக்குப் போன் வரும். தெரியாததைப் பற்றிய பயம் போய், தெரிந்ததைப் பற்றிய பயம் வந்திருக்கிறது. ஊர் ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் 'ஆபரேஷன், ஜெபிக்கவும்' என்று வந்தால் நிமிஷத்தில் முப்பது பேர் கைகூப்புகிறோம். அத்தனை பேரும் ஜெபித்தோமா? கோயம்பேடு சிக்னலில் பச்சை விழுவதற்குள் ஆமென் தட்டிவிட்டு ஆளையே மறந்துபோனவள் நான்.

லாபத்தையும் சொல்லியாக வேண்டும். கண்புரை விழுந்த பிறகு அம்மாவால் சின்ன எழுத்து வாசிக்க முடியவில்லை. செல்போன் வாசிக்கிறது, அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்கிறாள். 2020 ஏப்ரல் 12, ஊரடங்கில் வந்த ஈஸ்டர். கோயில் பூட்டு. விடியற்காலை நாலரைக்கு அம்மா குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, முக்காடு போட்டு, டிவி முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆராதனையில் எழும்பி நிற்க வேண்டிய இடத்தில் எழும்பி நின்றாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

எங்கள் எட்டு மணி ஜெபம் வீடியோ காலுக்கு வந்ததும் அப்போதுதான். ஊரில் அம்மா, சென்னையில் நான், துபாயில் தம்பி. அவனுக்கு அப்போது ஆறரை. பாதி நாள் காருக்குள்ளிருந்துதான் ஜெபம். சேர்ந்து பாடிப் பார்த்தோம், நடக்கவில்லை. ஒருவர் குரல் இன்னொருவரிடம் வர ஒரு சொல் பிந்துகிறது. பல்லவி முடிவதற்குள் மூன்று பேரும் மூன்று இடத்தில் நிற்போம். "மூணு கோயில்ல மூணு பாட்டு பாடுத மாரில்லா இருக்கு" என்றாள் அம்மா. அன்றிலிருந்து அவள் பாடுவாள். நாங்கள் மியூட் போட்டுக்கொண்டு பாடுவோம்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மழை கொட்டுகிறது என்று அம்மா காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். ராத்திரி ஜெபத்தில் இரண்டாம் சரணத்தில் அவள் முகம் அப்படியே உறைந்து நின்றது. பிறகு அழைப்பு அறுந்தது. மறுநாள் செய்தியில்தான் பார்த்தோம்: காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. ரோடு இல்லை, கரண்ட் இல்லை, டவர் இல்லை. நான் அனுப்பிய செய்திகள் ஒற்றை டிக்கோடு வரிசையாக நின்றன.

திங்கள் ராத்திரி எட்டு மணிக்குத் தம்பி கூப்பிட்டான். என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. "ஜெபம் பண்ணு" என்றான். எனக்குச் சொந்தமாக வார்த்தை எதுவும் வரவில்லை. வாயைத் திறந்தால், பனையில் ஏறுகிறவர்களைக் காத்தருளும் என்று வந்தது. எங்கள் ஊரில் இப்போது பனையேறுகிறவர்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். ஆனாலும் வரிசையை விட முடியவில்லை. வியாதிக்காரர், விதவைகள், கிணறு என்று போனேன். கிணறு என்றதும் தம்பி விசும்பினான். ஊரே தண்ணீருக்குள் கிடக்கும்போது வற்றிய கிணற்றுக்கு மழை கேட்டுக்கொண்டிருக்கிறேன். அம்மா பேர் எங்கே வரும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆச்சியின் வரிசையில் வீட்டில் இருக்கிறவர்களுக்கு இடமே கிடையாது. அவர்கள்தான் பாயில் உட்கார்ந்திருந்தார்களே.

புதன்கிழமை மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. "சாப்பிட்டியா?" என்றாள் அம்மா. அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம்.

வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர் வந்ததாம். மேட்டில் இருப்பதால் கோயிலில் மட்டும் ஏறவில்லை. மணிப் பெட்டி செத்துவிட்டதால் இளவட்டங்கள் பழைய கயிற்றைப் பிடித்து இழுக்க, இரண்டாம் இழுப்பில் அது அறுந்து விழுந்தது. கிணற்றுக் கயிற்றைக் கட்டி அடித்தார்கள். அந்தச் சத்தம் கேட்டுச் சுற்றுவட்டாரத்துச் சனம், கிறிஸ்தவர் என்றில்லை, எல்லாரும் வந்து கோயிலுக்குள் படுத்தார்கள். பொங்கிப்போட அரிசி வேண்டுமே. அலமாரி மேல்தட்டில் பிடி அரிசிப் பானை நனையாமல் இருந்திருக்கிறது.

"கர்த்தருக்குன்னு எடுத்து வச்சதாச்சே, நானா எப்படித் தொடது? சபை ஐயர்ட்டக் கேட்டேன். 'பொங்குங்கம்மா'ன்னுட்டாரு. அளந்துதான் எடுத்தேன். நாலு படி."

கரண்டும் டவரும் வந்த பிறகு எட்டு மணி ஜெபம் மறுபடி தொடங்கியது. முதல் நாளே தம்பி சொன்னான், அந்த நாலு படிக்கும் எவ்வளவு என்று சொல், கோயிலுக்கு ஜீபே பண்ணிவிடுகிறேன் என்று.

"ஒன் காணிக்கைய நீ போடு. இது நான் அளந்து எடுத்தது. வேளைக்கு ரெண்டு பிடி போட்டுட்டு வாரேன், வைகாசிக்குள்ள நெறஞ்சிரும்" என்றவள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பாடத் தொடங்கினாள். நாங்கள் மியூட் போட்டோம்.