மட்டாஞ்சேரி சுக்கும் புற்றுநோயாளியின் குமட்டலும்

புது தில்லி: வயிற்றுப் புரட்டலுக்குச் சுக்குக் கஷாயம் தருவது தமிழகத்திலும் கேரளத்திலும் வழிவழி வந்த வீட்டு வைத்தியம். கொச்சி நகரின் மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் தலைமுறைகளாக நடந்துவரும் வணிகத்தால், "கொச்சி இஞ்சி" என்பது உலகச் சந்தையில் சுக்கு ரகம் ஒன்றின் பெயராகவே நிலைத்துவிட்டது. அந்த இஞ்சித்தூள் புற்றுநோயாளிகளின் குமட்டலைக் குறைக்குமா என்பதைத் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை முறைப்படி ஆராய்ந்து, 2011-இல் முடிவை வெளியிட்டது.

சிஸ்பிளாட்டின், டாக்ஸோரூபிசின் ஆகிய கீமோதெரபி மருந்துகள் கடும் வாந்தியை உண்டாக்குபவை. எலும்புப் புற்றுநோய்க்காக இவற்றைப் பெற்ற சிறுவர்களும் இளைஞர்களும் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். வழக்கமான வாந்தித் தடுப்பு மருந்துகள் எவருக்கும் நிறுத்தப்படவில்லை. அவற்றுடன் ஒரு சாராருக்கு இஞ்சித்தூள் கேப்சூலும், மற்றவர்களுக்கு மருந்தில்லாப் போலிக் கேப்சூலும் தரப்பட்டன. போலிக் கேப்சூல் தரப்பட்ட 30 சிகிச்சைச் சுற்றுகளில் 28-இல் மிதமான அல்லது கடுமையான குமட்டல் ஏற்பட்டது. இஞ்சி தரப்பட்ட 27 சுற்றுகளில் 15-இல் மட்டுமே. அதே அளவிலான வாந்தி முறையே 23, 9 சுற்றுகளில் பதிவானது.

ஆனால் இதை வைத்தே சுக்கு மருந்தாகிவிட்டது எனக் கூற இயலாது. அமெரிக்காவில் 576 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு இஞ்சிக்குச் சாதகமாக அமைந்தது. 2017-இல் வெளியான இத்தாலிய ஆய்விலோ, சிஸ்பிளாட்டின் பெற்றவர்களுக்குக் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. எய்ம்ஸ் ஆய்வோ மிகச் சிறியது.

பெரிய ஆய்வுக்குப் பணம் தருவது யார்? காப்புரிமை பெற முடியாத கடைச்சரக்குக்காக எந்த மருந்து நிறுவனமும் கோடிகளைச் செலவிட முன்வராது. அமெரிக்க ஆய்வுக்கே அந்நாட்டு அரசின் தேசியப் புற்றுநோய்க் கழகம்தான் நிதியளித்தது. இந்தியாவிலும் அரசு நிறுவனங்களால் இது முடியும் என்பதற்கு மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையே சான்று. வாந்தியைத் தடுக்கும் ஓலான்சபின் மாத்திரையை 10 மில்லிகிராமுக்குப் பதில் 2.5 மில்லிகிராம் தந்தாலே போதும் என்று அங்கு நடந்த ஆய்வு 2024-இல் காட்டியது. முதல் நாளின் கடும் தூக்கக் கலக்கம் 40 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது.

சுக்கின் நிலைமை வேறு. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட நறுமணப் பொருள் வாரியம் வர்த்தக அமைச்சகத்தின் கீழ் வருகிறது. சுக்கு மருந்தென்றால் ஆயுஷ் அமைச்சகம். புற்றுநோய் ஆராய்ச்சியென்றால் சுகாதார அமைச்சகம். மூன்றுக்கும் மானியக் கோரிக்கைகள் தனித்தனி. இவற்றில் எந்த அமைச்சரிடம் இக்கேள்வியை எழுப்புவது என்பதை உறுப்பினர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.