45 வயதில் விருப்ப ஓய்வு, 60 வயதில் ஓய்வூதியம்: நடுவில் 15 ஆண்டுகள் எதை வைத்து வாழ்வது?

மத்திய அரசு ஊழியர்கள் என்.பி.எஸ்ஸில் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) நீடிப்பதா, யு.பி.எஸ்ஸுக்கு (ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம்) மாறுவதா என்று எழுதிக் கொடுக்க 2025 நவம்பர் 30 கடைசி நாளாக இருந்தது. ஜூன் 30 என்று அறிவிக்கப்பட்ட கெடு செப்டம்பர் 30-க்குத் தள்ளிப்போய், அங்கிருந்து இந்தத் தேதிக்கு வந்தது. ஏறத்தாழ 23 லட்சம் பேர் முடிவெடுக்க வேண்டிய இடத்தில், ஜூலை 20 வரை யு.பி.எஸ்ஸைத் தேர்ந்தெடுத்தவர்கள் 31,555 பேர்தான் என்று நாடாளுமன்றத்தில் அரசே தெரிவித்தது. மற்றவர்களின் தயக்கத்துக்குக் காரணம் என்ன என்பது வாசகர் கடிதங்களைப் படித்தால் புரிகிறது.

கடிதம் எழுதியவர்களில் பலர் 2004, 2005-இல் பணியில் சேர்ந்தவர்கள். 20 ஆண்டுகள் முடிந்துவிட்டன. விருப்ப ஓய்வு கேட்கும் தகுதி வந்துவிட்டது. படுக்கையில் இருக்கும் தாயைப் பார்த்துக்கொள்ள வேண்டும், இடமாற்றங்களால் அலைந்தது போதும், உடம்பில் தெம்பு இருக்கும்போதே சொந்தமாக ஏதாவது தொடங்க வேண்டும் என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: யு.பி.எஸ்ஸில் சேர்ந்து விருப்ப ஓய்வில் போனால், அடுத்த மாதமே ஓய்வூதியம் வருமா?

வராது. இந்தப் பதில் அரசாணைகளில் இருக்கிறது. அறிவிப்புகளின் தலைப்பில்தான் இல்லை.

20 ஆண்டு 'தளர்வு' எதைத் தளர்த்தியது?

2024 ஆகஸ்ட் 24-இல் மத்திய அமைச்சரவை யு.பி.எஸ்ஸுக்கு ஒப்புதல் அளித்தது. தமிழ்நாட்டுப் பிரிவு ஐ.ஏ.எஸ் அதிகாரி டி.வி.சோமநாதன் தலைமையிலான குழுவின் ஆய்விலிருந்து உருவான திட்டம் இது. 2025 ஜனவரி 24-இல் அரசிதழ் அறிவிக்கை வந்தது, ஏப்ரல் 1-இல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்த அறிவிக்கையின்படி, விருப்ப ஓய்வு பெறுபவருக்கு உறுதித்தொகை, அதாவது திட்டம் உறுதியளிக்கும் மாத ஓய்வூதியம், வேண்டுமானால் 25 ஆண்டுப் பணி கட்டாயம். ஊழியர் சங்கங்கள் இதை எதிர்த்தன. செப்டம்பர் 2-இல் வெளியான விதிகள் அந்த வரம்பை 20 ஆண்டாகக் குறைத்தன. பெரிய சலுகை என்று செய்தி பரவியது.

விதியை முழுதாகப் படிக்க வேண்டும். 20 ஆண்டில் வெளியேறினால், பணிக்காலத்தை 25-ஆல் வகுத்து வரும் விகிதத்தில்தான் தொகை. அந்தத் தொகையும் வெளியேறிய நாளிலிருந்து கிடைக்காது. பணியில் நீடித்திருந்தால் எந்த நாளில் வயது முதிர்ந்து ஓய்வு பெற்றிருப்பாரோ, அந்த நாளில்தான் பட்டுவாடா தொடங்கும். ஆக, ஐந்து ஆண்டுகள் முன்கூட்டியே போக அனுமதி கிடைத்தது. அதனுடன் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, காத்திருப்பு ஐந்து ஆண்டுகள் கூடியது.

ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 25 வயதில், 2005-இல் பணியில் சேர்ந்த ஒருவருக்கு 2025-இல் 45 வயது. கடைசி 12 மாதச் சராசரி அடிப்படை ஊதியம் 80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 25 ஆண்டு முடித்திருந்தால் அதில் பாதி, 40,000 ரூபாய். 20 ஆண்டு என்பதால் 32,000 ரூபாய். இந்த 32,000 ரூபாயை முதன்முதலாக அவர் கையில் வாங்குவது 60 வயதில். இடையில் 180 மாதங்கள் கடக்க வேண்டும்.

அவரே 2004 ஜனவரி 1-க்கு முன் சேர்ந்து பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருந்திருந்தால், அதே 20 ஆண்டுப் பணிக்கு 40,000 ரூபாயும் அகவிலை நிவாரணமும் ஓய்வு பெற்ற மறுநாளே கணக்கில் ஏறத் தொடங்கியிருக்கும். யு.பி.எஸ்ஸில் 32,000 வீதம் 180 மாதங்களுக்குக் கைக்கு வராமல் போவது 57,60,000 ரூபாய். அகவிலை நிவாரணத்தைச் சேர்க்காத கணக்கு இது. பட்டுவாடா தொடங்கிய பிறகே அகவிலை நிவாரணமும் உண்டு என்று அறிவிக்கை சொல்வதால், காத்திருக்கும் காலத்தில் விலைவாசி ஏற்றத்துக்கு மாதாமாதம் ஈடு எதுவும் கிடையாது.

குறைந்த பணிக்காலத்துக்குக் குறைந்த தொகை என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பணிக்காலம் குறைவு என்று ஒருமுறை தொகையைக் குறைத்துவிட்டு, அதே காரணத்துக்காகக் காலத்தையும் தள்ளிப்போடுவது இரண்டாவது வெட்டு. முன்கூட்டியே கொடுக்கத் தொடங்கினால் கூடுதல் ஆண்டுகளுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும், நிதிச்சுமை ஏறும் என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. அதற்கு வேறு வழி இருக்கிறது. தனியார் தொழிலாளர்களுக்கான 1995-ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் முழு ஓய்வூதிய வயது 58. வேலையை விட்டவர் 50 வயதிலேயே வாங்கிக்கொள்ளலாம். முன்கூட்டி வாங்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் குறையும். குறைந்த தொகை இப்போதா, முழுத் தொகை பிறகா என்ற தேர்வு அந்தத் தொழிலாளியிடம் இருக்கிறது. மத்திய அரசு தன் சொந்த ஊழியருக்கு அந்தத் தேர்வைத் தரவில்லை.

அனுப்பப்பட்டவருக்கு உடனே, விரும்பிப் போனவருக்குப் பிறகு

இதே திட்டத்துக்குள் இருக்கும் இரண்டு விதிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் குழப்பம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

அடிப்படை விதி 56(ஜே) என்று ஒன்று உண்டு. பொதுநலன் கருதி என்று சொல்லி, 50 அல்லது 55 வயதைக் கடந்த ஊழியரை அரசே வீட்டுக்கு அனுப்பலாம். செயல்திறன் போதவில்லை, நேர்மையில் சந்தேகம் என்ற மதிப்பீடுகளின்பேரில் இந்த விதி பயன்படுத்தப்படுகிறது. விதிகளின்படி அது தண்டனை ஆகாது. அப்படி அனுப்பப்பட்டவருக்கு யு.பி.எஸ்ஸில் ஓய்வு பெற்ற நாளிலிருந்தே தொகை உண்டு. ஒரு புகாரும் இல்லாமல் 20 ஆண்டு உழைத்து, முறையாக நோட்டீஸ் கொடுத்துப் போனவர் 60 வயது வரை காத்திருக்க வேண்டும்.

இன்னொன்று மனத்தை அதிகம் உறுத்துகிறது. விருப்ப ஓய்வில் போனவர், பட்டுவாடா தொடங்கும் முன்பே இறந்துவிட்டால், இறந்த நாளிலிருந்து அவருடைய கணவருக்கோ மனைவிக்கோ குடும்பத் தொகை, அதாவது உரிய தொகையில் 60 சதவீதம், வரத் தொடங்கும். துணையை இழந்த குடும்பத்துக்கு அது அவசியமான பாதுகாப்பு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பணத்தை உடனே கொடுக்க முடியும் என்று அரசே ஒப்புக்கொள்ளும் இடமும் இதுதான். நோயோடு போராடுவதற்காக வேலையை விட்ட ஒருவர் உயிரோடு இருக்கும்வரை அந்தக் குடும்பத்துக்கு மாதத் தொகை கிடையாது என்ற நிலையை எந்த நியாயத்தாலும் தாங்கிப்பிடிக்க முடியாது.

காத்திருக்கும் காலத்துக்குக் கையில் என்ன?

ஒன்றுமே கிடைக்காது என்று பயப்பட வேண்டாம். ஓய்வு பெறும்போதே வாங்கிக்கொள்ளக்கூடியவை மூன்று. மேலே சொன்ன அதே ஊழியரின் கணக்கையே தொடரலாம். 2025 ஜூலை முதல் அமலுக்கு வந்த 58 சதவீத அகவிலைப்படியைச் சேர்த்தால் அவருடைய ஊதியம் 1,26,400 ரூபாய்.

முதலாவது, யு.பி.எஸ் தரும் மொத்தத் தொகை. முடிந்த ஒவ்வோர் ஆறு மாதத்துக்கும் ஊதியத்தில் பத்தில் ஒரு பங்கு. 40 அரையாண்டுகளுக்கு 5,05,600 ரூபாய். இரண்டாவது, பணிக்கொடை. அரையாண்டுக்குக் கால் மாத ஊதியம் என்ற கணக்கில் 12,64,000 ரூபாய். மூன்றாவது, ஈட்டிய விடுப்பைப் பணமாக்குவது. உச்சவரம்பான 300 நாளும் இருப்பில் இருந்தால் இன்னொரு 12,64,000 ரூபாய். கூட்டினால் 30,33,600 ரூபாய்.

பெரிய தொகைதான். ஆனால் இதை 180 மாதங்களுக்குப் பிரித்தால், வட்டியைக் கணக்கில் கொள்ளாமல், மாதம் சுமார் 16,850 ரூபாய். 1,26,400 ரூபாய் ஊதியத்தில் ஓடிக்கொண்டிருந்த குடும்பம் அதற்குள் வாழப் பழக வேண்டும். வீட்டுக்கடன் பாக்கியோ, கல்லூரிக்குப் போகும் பிள்ளையோ இருந்தால் இந்தப் பணம் சில ஆண்டுகளில் கரைந்துவிடும்.

அப்போது நான்காவது கதவு ஒன்று கண்ணில் படும். இந்தத் திட்டத்தின் மிகவும் சாமர்த்தியமான ஏற்பாடும், மிகவும் ஆபத்தான ஏற்பாடும் அதுதான். தன் பெயரில் சேர்ந்திருக்கும் நிதியில் 60 சதவீதம் வரை ஊழியர் எடுத்துக்கொள்ளலாம். ஓய்வு பெறும்போதே எடுக்கலாம். ஆனால் எடுக்கும் அளவுக்கு ஏற்ப மாதத் தொகை குறைந்துவிடும். 60 சதவீதம் முழுவதையும் எடுத்தால், நம் உதாரண ஊழியரின் 32,000 ரூபாய் 12,800 ரூபாயாகச் சுருங்கும். அவர் உயிரோடு இருக்கும்வரை அவ்வளவுதான்; அகவிலை நிவாரணமும் அந்தச் சிறிய தொகையின்மேல்தான் கணக்கிடப்படும்.

45 வயதில் மாத வருமானத்தை நிறுத்திவைப்பதும் இதே திட்டம்தான்; அந்த நெருக்கடியில் சேமிப்பை எடுக்கச் சொல்லி, எடுத்ததற்காக 60 வயதில் தொகையைக் குறைப்பதும் இதே திட்டம்தான். உறுதியான ஓய்வூதியம் என்ற அறிவிப்பை நம்பி வருபவருக்கு, அந்த உறுதியைத் தன் கையாலேயே கரைத்துக்கொள்ளும் நிலை வரலாம். முடிவெடுக்கும் முன் இந்த 12,800 ரூபாய்க் கணக்கை ஒவ்வொருவரும் தங்கள் ஊதியத்தை வைத்துப் போட்டுப் பார்ப்பது நல்லது.

அப்படியானால் முன்கூட்டி ஓய்வு பெறுவதே தவறா?

இல்லை. 45 வயதில் கிடைக்கும் நேரத்துக்கும் உடல் வலுவுக்கும் 60 வயதில் கிடைப்பது ஈடாகாது. இன்னொரு தொழில் கற்க, ஆலோசகராகப் பணியாற்ற, ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொள்ள அந்த வயது தோதானது. ஆனால் அந்தப் பலனை அனுபவிக்க மாத வருமானம் அறுபடாமல் இருக்க வேண்டும்.

பி.எஸ்.என்.எல் அனுபவம் இதற்குச் சான்று. 2019-இல் அந்த நிறுவனம் 50 வயது கடந்தவர்களுக்கு விருப்ப ஓய்வை அறிவித்தபோது, டிசம்பர் 3 கெடுவுக்குள் ஏறத்தாழ 78,000 பேர் விண்ணப்பித்தார்கள். 2020 ஜனவரி 31-இல் வெளியேறினார்கள். கருணைத்தொகை அவர்களை ஈர்த்தது உண்மை. அதைவிடத் தைரியம் கொடுத்தது, அவர்களில் பெரும்பாலோர் தொலைத்தொடர்புத் துறையிலிருந்து வந்தவர்கள் என்பதால் அரசு ஓய்வூதியம் உடனே கிடைக்கும் என்ற நிலை. போனவர்கள் 60 வயது வரை கை நீட்டிக் காத்திருக்கவில்லை.

யு.பி.எஸ்ஸில் இருந்துகொண்டு அந்த நிலையை எட்டுவது யாருக்குச் சாத்தியம்? வாழ்க்கைத்துணைக்கு நிலையான சம்பளம் இருப்பவர், கடன் இல்லாதவர், வாடகை வருமானம் உள்ளவர், 57 அல்லது 58 வயதில் போவதால் சில ஆண்டுகள் மட்டுமே காத்திருக்க வேண்டியவர். மற்றவர்கள் என்.பி.எஸ்ஸோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதில் 20 ஆண்டு முடித்து விருப்ப ஓய்வு பெறும் அரசு ஊழியருக்கு, வயது முதிர்ந்து ஓய்வு பெறுபவருக்கு உள்ள அதே வசதி உண்டு: 60 சதவீதம் வரை மொத்தமாகக் கையில், மீதியில் வாங்கும் ஆண்டுத்தொகைத் திட்டம் வழியாக உடனே மாத வருமானம். அதில் உறுதியும் இல்லை, அகவிலை நிவாரணமும் இல்லை. சந்தை எப்படியோ பணம் அப்படி. ஆனால் காத்திருப்பு இல்லை.

இங்கே ஒரு வாசல் திறந்திருக்கிறது. யு.பி.எஸ்ஸுக்குப் போனவர் ஒரே ஒருமுறை என்.பி.எஸ்ஸுக்குத் திரும்பலாம். வழக்கமான ஓய்வு என்றால் ஓராண்டுக்கு முன்பும், விருப்ப ஓய்வு என்றால் மூன்று மாதங்களுக்கு முன்பும் திரும்பிவிட வேண்டும். விருப்ப ஓய்வுக்கான நோட்டீஸ் காலமும் குறைந்தது மூன்று மாதம் என்பதால், நோட்டீஸில் கையெழுத்திடும் நாளுக்குள் இந்த முடிவை எடுத்துவிடுவதே பாதுகாப்பு. திரும்பினால் அரசின் பங்களிப்பில் உள்ள 4 சதவீத வித்தியாசம் அவர் கணக்கில் சேரும். அதற்குப் பிறகு யு.பி.எஸ்ஸுக்கு மீண்டும் வர வழியில்லை.

மற்ற கேள்விகள்

*ராஜினாமா செய்தாலும் உறுதித்தொகை உண்டா?* கிடையாது. பணிநீக்கத்துக்கும் கிடையாது.

*விருப்ப ஓய்வுக்குப் பிறகு திருமணம் செய்தால் துணைக்குக் குடும்பத் தொகை வருமா?* வராது. ஓய்வு பெற்ற நாளில் சட்டப்படியான துணையாக இருந்தவருக்கு மட்டுமே.

*ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருக்கும்போது என்.பி.எஸ்ஸுக்குத் திரும்பலாமா?* முடியாது.

*ஓய்வு பெற்றதும் தனியார் வேலையில் சேரலாமா?* சேரலாம், குரூப் ஏ அதிகாரியாக இருந்தவர் முதல் ஓராண்டுக்குள் சேர முன்அனுமதி வாங்க வேண்டும்.

*இடையில் எடுத்த பணம் தொகையைப் பாதிக்குமா?* பாதிக்கும், திருப்பிக் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம்.

*தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு இந்தக் கெடு பொருந்தியதா?* இல்லை. 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்கு மாநில அரசு தனிப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்தது.

*கெடுவுக்குள் எதுவுமே எழுதிக் கொடுக்காதவர்கள்?* என்.பி.எஸ்ஸிலேயே தொடர்வதாகக் கருதப்படுவார்கள்.