காட்டு முகாமில் பிள்ளையோடு இருக்கப்போவது யார்?

பள்ளி விடுமுறைக்கு முன்னால் பிள்ளை ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டும். காட்டு முகாம், மூன்று நாள், இரண்டு இரவு. கட்டணம் இவ்வளவு ரிங்கிட். கொண்டுவர வேண்டியவை டார்ச்லைட், மழைச்சட்டை, மாற்றுக் காலணி. கீழே பெற்றோர் கையொப்பம். கேமரன் மலையின் கோலா தெர்லா பக்கத்துத் தோட்ட வீடுகளில் இந்தத் தாளைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் பணம், அடுத்து மழை, அப்புறம் அட்டைக்கடி. சாப்பாட்டைப் பற்றிக் கேட்பது பாட்டியின் உரிமை. எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. பிள்ளையோடு இருக்கப்போவது யார்? டீ வந்துவிட்டது, உட்காருங்கள், பொறுமையாகவே பேசுவோம்.

பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துப்போகும் பழக்கம் ஆசிரியர்களிடமிருந்து தொடங்கியது. 1861இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஃபிரெடரிக் கன் என்ற பள்ளி ஆசிரியரும் அவர் மனைவி அபிகாயிலும் தங்கள் மாணவர்களை நடத்தியே கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். 1907 ஆகஸ்டில் பேடன் பவல் பிரவுன்சீ தீவில் சுமார் இருபது சிறுவர்களோடு நடத்திய முகாமிலிருந்து சாரணர் இயக்கம் பிறந்தது. நம் நாட்டில் 1950களின் நடுவில் லூமுட் கடற்கரையில் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளி வந்தது. இன்று பள்ளிச் சீருடை இயக்கங்கள் நடத்தும் முகாமாக இருந்தாலும், தனியார் நடத்தும் விடுமுறை முகாமாக இருந்தாலும், வேலைக்கு நிற்பவர்கள் ஏறக்குறைய ஒரே வகை ஆட்கள்தான்: பொறுப்பாசிரியர், வழிகாட்டி, சமையல் பார்ப்பவர், முதலுதவி தெரிந்தவர், பிள்ளைகள் 'ஃபாசி' என்று கூப்பிடும் இளைஞர்கள்.

இந்த ஃபாசிகளில் பலர் கல்லூரி மாணவர்கள். பத்தொன்பது, இருபது வயது இருக்கும். இதைக் கேட்டதும் பெற்றோர் முகம் சுருங்கும். சுருங்க வேண்டியதில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை தலைமையாசிரியரிடம் சொல்லாததை இருபது வயது அண்ணனிடம் சொல்லும். காலில் கொப்புளம், வயிற்றுவலி, கூடாரத்தில் ஒருவன் கேலி செய்கிறான் என்பது, எல்லாம் முதலில் அந்த அண்ணன் காதில்தான் விழும். வயது குறைவு என்பது குறையே அல்ல. அந்த இளைஞருக்கு முகாம் தொடங்குமுன் யார், எத்தனை நாள் பயிற்சி கொடுத்தார்கள், இரவில் அவருக்கு மேலே பொறுப்பாக யார் விழித்திருப்பார்கள் என்பதுதான் விஷயம்.

எண்ணிக்கைக்கும் ஒரு கணக்கு உண்டு. இரவு தங்கும் முகாம்களுக்கு அமெரிக்க முகாம் சங்கம் வைத்திருக்கும் அளவு இது: ஆறு முதல் எட்டு வயது வரை ஆறு பிள்ளைகளுக்கு ஒருவர், ஒன்பது முதல் பதினான்கு வரை எட்டுப் பேருக்கு ஒருவர். நாற்பது பிள்ளைகள் நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் என்றால் குறைந்தது ஐந்து பேர், பிள்ளைகளைப் பார்ப்பதை மட்டுமே வேலையாகக் கொண்டு நிற்க வேண்டும். சமைப்பவரையும் வேன் ஓட்டுநரையும் படம் பிடிப்பவரையும் கூட்டி ஐந்து என்று காட்டினால் அதை ஏற்காதீர்கள். சோறு வடிக்கும் கை பிள்ளையைப் பிடிக்காது.

காட்டுப் பாதையில் இந்த ஆட்கள் எப்படி நிற்கிறார்கள் என்று பாருங்கள். முன்னால் வழிகாட்டி. கடைசியில் ஒருவர், மலையேறுகிறவர்கள் அவரை 'ஸ்வீப்பர்' என்பார்கள். அவருக்குப் பின்னால் ஒரு பிள்ளையும் இருக்கக் கூடாது. காலணிக் கயிறு அவிழ்ந்து உட்கார்ந்த பிள்ளைக்காக அவர் நின்றால், வரிசை முழுவதும் நிற்க வேண்டும். இடையில் ஃபாசிகள். பிள்ளைகள் இருவர் இருவராக ஜோடி. ஒவ்வொரு நிறுத்தத்திலும், ஒவ்வொரு ஓடையைத் தாண்டிய பிறகும் தலை எண்ண வேண்டும். பிள்ளைகளையே ஒன்று, இரண்டு என்று கத்தச் சொல்வதோடு விட்டுவிடக் கூடாது. நண்பனுக்காக இன்னொருவன் எண் சொல்லிவிடுவான். முகம் பார்த்து எண்ணுவதுதான் எண்ணிக்கை.

இவ்வளவு கறார் எதற்கு என்றால், இந்த மலையின் காடு பெரியவர்களையே விழுங்கியிருக்கிறது. 1967 மார்ச் 26 அன்று, தாய்லாந்துப் பட்டு வியாபாரத்தில் பேர்பெற்ற ஜிம் தாம்சன் கேமரன் மலையில் தங்கியிருந்த மூன்லைட் பங்களாவிலிருந்து பகல் நேரத்தில் வெளியே போனார், திரும்பவில்லை. ராணுவம், போலீஸ், ஒராங் அஸ்லி தடம் பார்ப்பவர்கள் என்று நூற்றுக்கணக்கானோர் தேடியும் இன்றுவரை துப்பில்லை. அதனால்தான் நல்ல முகாமில் முதல் நாளே பிள்ளைக்கு ஒரு பாடம் சொல்லித் தருவார்கள்: வழி தவறினால் நடக்காதே, ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இரு, மூன்று முறை விசில் ஊது. 1981இல் கலிபோர்னியாவின் பாலோமார் மலையில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் வழி தவறிக் குளிரில் இறந்த பிறகு, தேடுதல் குழுவினர் 'மரத்தைக் கட்டிப்பிடி' என்றே பெயர் வைத்து இதைப் பள்ளி பள்ளியாகப் போய்ச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். நடந்துகொண்டே இருக்கும் பிள்ளையைத் தேடுவது கடினம். ஒரே இடத்தில் நிற்கும் பிள்ளை சீக்கிரம் கிடைக்கும்.

வழிகாட்டியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். ஒராங் அஸ்லிகளில் கேமரன் மலையில் செமாய் மக்கள், வடக்கே லோஜிங் பக்கம் தெமியார் மக்கள். இந்தக் காட்டை அவர்களைவிட அறிந்தவர் இல்லை. முகாம்களில் அவர்களை நாள் கூலிக்குப் பாதை காட்ட அழைப்பார்கள்; பல சமயம் விளம்பரத் தாளில் அவர்கள் பெயர் இருக்காது. பிள்ளைகள் ஓடையில் இறங்கி விளையாடுகிறார்கள், மேலே வானம் வெளுப்பாகத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி தண்ணீரைப் பார்க்கிறார். தெளிவாக ஓடிய நீர் கலங்கத் தொடங்குகிறது. சருகும் சுள்ளியும் வழக்கத்தைவிடக் கூடுதலாக மிதந்து வருகின்றன. நீர்மட்டம் பாறையில் ஒரு விரற்கடை ஏறியிருக்கிறது. மேட்டில் எங்கோ கனமழை. கெப்பாலா ஆயேர் எனும் திடீர் வெள்ளம் வரப்போகிறது. அந்த வெள்ளம் வந்து சேரக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். அந்த நிமிடத்தில் அவர் "ஏறுங்கள்" என்று சொன்னால் பொறுப்பாசிரியர் காரணம் கேட்காமல் விசில் ஊத வேண்டும். "இன்னும் பத்து நிமிடம், குழுப்படம் எடுத்துவிட்டுப் போகலாம்" என்று ஏற்பாட்டாளர் சொல்கிற முகாமில் எவ்வளவு விலையுயர்ந்த கயிறு இருந்தும் பயனில்லை. வழிகாட்டி வேண்டாம் என்றால் அது முடிந்த முடிவு என்று எழுத்தில் இருக்கிறதா? என் கண்ணுக்கு ஒரு முகாமை அளக்கும் முதல் கோல் இதுதான்.

2022 டிசம்பர் 16 நினைவிருக்கும். பத்தாங் காலியில், கெந்திங் மலைச் சாலையோரப் பண்ணை ஒன்றில், பள்ளி விடுமுறைக்குக் கூடாரம் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் நள்ளிரவுக்குப் பிறகு மண் சரிந்தது. சிக்கிய 92 பேரில் 31 பேர் போய்விட்டார்கள். பிள்ளைகளும் ஆசிரியர்களும் அதில் உண்டு. அந்த இடத்துக்குப் பண்ணை உரிமம் இருந்தது, முகாம் நடத்த உரிமம் இல்லை என்று அரசு அறிவித்தது. 2024 ஜனவரியில் நம் புளூவேலியில் மண் சரிந்து மியன்மார் தொழிலாளர்கள் ஐந்து பேர் இறந்ததும் தூக்க நேரத்தில்தான். மலையை வெட்டிய சரிவுக்குக் கீழே வாழ்வது எப்படி என்று கேமரன் மலைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆகவே முகாம் போடும் இடத்துக்கு உரிமம் உண்டா, கூடாரத்துக்கு மேலே இருப்பது சரிவா சமதளமா, தொடர்மழை பெய்தால் பிள்ளைகளை நடு இரவில் எந்தக் கட்டடத்துக்கு மாற்றுவார்கள் என்று கேட்க உங்களுக்கு முழுத் தகுதி உண்டு.

குளிரையும் குறைத்து எண்ணாதீர்கள். இங்கே இரவில் 15 பாகைக்குப் பக்கத்தில் இறங்கும். நனைந்த பருத்திச் சட்டையோடு காற்றில் நிற்கும் மெலிந்த பிள்ளைக்கு அதுவே ஆபத்து. கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் காலைப் பனி உள்ளே இறங்காமல் இடுப்பில் பிளாஸ்டிக் விரிப்பைச் சுற்றிக் கட்டுவது இதனால்தான். முகாமில் இதைக் கவனிப்பவர் முதலுதவிக்காரர். வழக்கமாக வாயாடும் பிள்ளை பேச்சைக் குறைத்தால், நடை தடுமாறினால், கையுறையையோ பொத்தானையோ போட முடியாமல் விழித்தால், களைப்பு என்று விட்டுவிடாமல் ஈர உடையைக் கழற்றி உலர்ந்த துணி மாற்றி, இனிப்பான சூடான மைலோ கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். அட்டைக்கடியால் யாரும் சாகமாட்டார்கள். அக்காமார்கள் அதைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தை உலர்ந்த காலுறை எடுத்துவைப்பதில் செலவிடலாம்.

இனி இரவு. முகாம் ஆட்களின் உண்மையான வேலை விளக்கு அணைத்த பிறகுதான் தொடங்குகிறது. முதல் இரவு யாராவது அழுவார்கள். 2007இல் கிறிஸ்டோபர் தர்பர், எட்வர்ட் வால்டன் என்ற இருவர் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் வீட்டு ஏக்கத்தைப் பற்றி எழுதினார்கள். வீட்டை விட்டுப் போகும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஓரளவு ஏக்கம் வரும், அது இயல்பு என்பது அவர்கள் சொன்னது. நமக்குப் பயன்படுகிற இன்னொன்றும் சொன்னார்கள்: "பிடிக்கவில்லை என்றால் அப்பா வந்து கூட்டிப்போய்விடுவேன்" என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த வாக்கே பிள்ளையை வாசலைப் பார்த்தபடி உட்கார வைத்துவிடும். பழகிய ஃபாசி அழும் பிள்ளையிடம் அழாதே என்று அதட்டமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்பார், காலையில் நெருப்பு மூட்டும் வேலையை அவனிடமே ஒப்படைப்பார். படுக்கையை நனைக்கும் பிள்ளையும் இருக்கும். பத்து வயதில்கூட நூற்றில் சிலருக்கு அது உண்டு. விடியுமுன் சத்தமில்லாமல் விரிப்பை மாற்றி, மற்றவர்கள் எழுவதற்குள் அலசிப் போடுகிற அக்கா ஒருத்தி அந்த முகாமில் இருந்தால் உங்கள் பிள்ளை கொடுத்துவைத்தது. இதைப் பெற்றோர் மறைக்காமல் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பிள்ளை வாய்விட்டுச் சொல்ல முடிகிற இடமா என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கம்போங் ராஜாவிலிருந்து லோஜிங் வழியாகக் குவா மூசாங் போகிறோமே, அந்த மாவட்டத்தில் உள்ள தொகோய் விடுதிப் பள்ளியிலிருந்து 2015 ஆகஸ்டில் தெமியார் பிள்ளைகள் ஏழு பேர் காட்டுக்குள் ஓடினார்கள். ஏழு முதல் பதினொரு வயது. ஆற்றில் குளித்ததற்குத் தண்டனை கிடைக்கும் என்ற பயம். 47 நாட்களுக்குப் பிறகு இரண்டு பெண்பிள்ளைகள்தான் உயிரோடு கிடைத்தார்கள். காட்டையே வீடாகக் கொண்ட இனத்துப் பிள்ளைகள் அவர்கள். காடு அவர்களுக்குப் புதிதல்ல. பெரியவர்களின் கோபத்துக்கு அஞ்சி ஓடியவர்கள் அவர்கள். 'ஒழுக்கம் கற்றுத்தருகிறோம்' என்று சொல்லிப் பிள்ளைகளை அதட்டி, வெயிலில் நிறுத்தி, எல்லார் முன்னும் அவமானப்படுத்துகிற முகாம் எவ்வளவு பேர்பெற்றதாக இருந்தாலும் என் வீட்டுப் பிள்ளையை நான் அனுப்பமாட்டேன். தவறு செய்த பிள்ளை ஓடிவந்து ஃபாசியிடமே சொல்ல வேண்டும். ஃபாசியைக் கண்டு ஓடக் கூடாது.

கேட்கக் கூச்சப்படுகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளையோடு மறைவிடத்தில் தனியாக இருக்கக் கூடாது. குளியலறைப் பக்கம், கூடாரம், வாகனம் எங்கும் இரண்டு பெரியவர்கள், அல்லது பிறர் பார்வையில் என்பது உலகம் முழுக்கச் சாரணர் முகாம்களில் ஏற்றுக்கொண்ட நடைமுறை. பெண்பிள்ளைகள் இருந்தால் இரவில் பெண் பொறுப்பாளர் இருக்கத்தான் வேண்டும். சிறார் பாலியல் குற்றங்களுக்கு நம் நாட்டில் 2017ஆம் ஆண்டிலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. பிள்ளைகளோடு வேலை செய்யப்போகிறவரின் பெயர் குற்றவாளிகள் பதிவேட்டில் இருக்கிறதா என்று சமூக நல இலாகாவிடம் ஏற்பாட்டாளர் சரிபார்த்துக்கொள்ள வழியும் இருக்கிறது. "உங்கள் ஆட்களைச் சரிபார்த்தீர்களா?" என்று கேட்டால் நல்ல ஏற்பாட்டாளர் கோபப்படமாட்டார், கேட்டதற்கு நன்றி சொல்வார். திரும்பி வந்த பிள்ளை ஏதாவது சொன்னாலோ, சொல்லாமல் ஒடுங்கிப்போனாலோ, தாலியான் காசே 15999 என்ற உதவி எண் இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு.

"இவ்வளவு பொறுப்புள்ள ஆட்களுக்கு என்ன சம்பளம்?" என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டால் அதுவும் நல்ல கேள்வி. பல ஃபாசிகளுக்குச் சாப்பாடும் வழிச்செலவும் சான்றிதழும்தான். வழிகாட்டிக்கு நாள் கூலி. கட்டணம் மலிவாக இருக்கிறது என்று நாம் மகிழும்போது யாருடைய கூலியில் அது மலிந்தது என்று பார்க்க வேண்டும். கூலி சரியாக இருந்தால் ஆட்கள் வருடாவருடம் திரும்பி வருவார்கள். திரும்பி வருகிறவருக்குத்தான் அந்த ஓடையும் அந்தச் சரிவும் பழக்கப்பட்டிருக்கும்.

நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஓர் இடம் காலியாகவே இருக்கிறது. படித்து முடித்ததும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் வண்டி ஏறுகிறார்கள். சுற்றுலா அமைச்சு வழங்கும் பச்சை வில்லை இயற்கை வழிகாட்டி உரிமமும், வனத்துறையின் மலிம் கூனுங் பயிற்சியும் கேமரன் மலைப் பிள்ளைக்கு எட்டாத உயரமல்ல. பனியில் நடந்து பழகிய கால், மலாய், தமிழ், கொஞ்சம் ஆங்கிலம் பேசும் வாய், மழை எந்தப் பக்கமிருந்து இறங்கும் என்று தெரிந்த கண். முதலுதவிப் பயிற்சியைச் சேர்த்துக்கொண்டால் போதும். உங்கள் வீட்டில் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும் மகனோ மகளோ இருந்தால், தம்பியை முகாமில் விடப்போகும் அன்று அவர்களையும் கூட்டிப்போய் அந்த வழிகாட்டியோடு பேச வையுங்கள்.