வலிப்பு வந்தவர் குற்றவாளியா?

வலிப்பு என்றதும், கீழே விழுந்து, கைகால் இழுத்து, வாயில் நுரை தள்ளும் காட்சிதான் நம் நினைவுக்கு வருகிறது. எல்லா வலிப்பும் அப்படி வருவதில்லை. சிலருக்குப் பார்வை நிலைகுத்தும். வாய் எதையோ மெல்லுவதுபோல் அசையும். கை சட்டைப் பொத்தானைத் திருகும். எழுந்து நடப்பவர்களும் உண்டு. கூப்பிட்டால் பதில் வராது. ஓரிரு நிமிடங்களில் வலிப்பு அடங்கினாலும், குழப்பம் மேலும் சிறிது நேரம் நீடிக்கும். நடந்தது எதுவும் பிறகு நினைவிராது.

இத்தகையவரைத் தெருவில் காணும் போலீஸ்காரருக்கு என்ன தோன்றும்? தள்ளாடுகிறார், நாக்குக் குழறுகிறது, ஆகவே குடித்திருக்கிறார் என்று தோன்றும். அந்நியர் வீட்டில் நுழைந்தால் திருடன் என்று தோன்றும். பிடித்து இழுத்தால் அவர் திமிறுவார். அது வேண்டுமென்று செய்யும் எதிர்ப்பு அல்ல. தன்னறிவின்றி உடல் செய்வது. லாக்கப்பில் அடைத்தாலோ ஆபத்து அதிகம். வேளைக்கு மாத்திரை கிடைக்காவிட்டால் அடுத்தடுத்து வலிப்பு வந்து உயிருக்கே உலை வைக்கலாம்.

நீதிமன்றத்தில் வேறு சங்கடம். இங்கிலாந்தின் சல்லிவன் வழக்கு பிரசித்தமானது. 1981-ல் வலிப்பின் பிடியிலிருந்தபோது அவர் தமக்குத் தெரிந்த முதியவர் ஒருவரை உதைத்துக் காயப்படுத்தினார். அவருக்கு ஏதும் நினைவில்லை. ஆனால் சட்டப்படி அவர் 'சித்த சுவாதீனம் அற்றவர்' என்றே விடுதலை பெற முடியும், விடுதலையானாலும் மனநோய் மருத்துவமனைக்குத்தான் போகவேண்டும் என்ற நிலை. அதற்கு அஞ்சிய அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 1983-ல் பிரபுக்கள் சபை, அவர்மீது அந்த முத்திரை குத்த மனமில்லை என்று கூறியபடியே, சட்டம் அதுதான் என்று தீர்ப்பளித்தது.

நம் நாட்டுச் சட்டமும் அதே ஆங்கில விதியின் வழிவந்ததே. 1860-ம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 84-வது பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சம்ஹிதாவின் 22-வது பிரிவாகத் தொடர்கிறது. நோய் இருக்கிறது என்று காட்டினால் போதாது. சம்பவ நேரத்தில் தன் செயலை அறியும் நிலையில் இல்லை என்பதைக் குற்றம் சாட்டப்பட்டவரே காட்டவேண்டும். இந்து திருமணச் சட்டத்தில் பைத்தியத்தோடு சேர்த்து எழுதப்பட்டிருந்த வலிப்பு 1999-ல் நீக்கப்பட்டது. குற்றவியல் சட்டத்தில் வலிப்புக்கென்று தனி வழி இல்லை.

ஆகவே பழைய மருத்துவச் சீட்டுகள், மூளை மின்னலைப் பரிசோதனை அறிக்கைகள், மாத்திரை வாங்கிய ரசீதுகள் அனைத்தையும் பத்திரப்படுத்த வேண்டும். ஆபத்து நேரத்தில் இவையே சாட்சி. கைதானவரை டாக்டரிடம் காட்டவேண்டும் என்பது சட்டம். உறவினர்கள் அதை வற்புறுத்துவதோடு, மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுத்து, எழுத்து மூலமாகவும் தெரிவிப்பது நல்லது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இன்னொரு ஜாக்கிரதை தேவை. வலிப்புத் தெளியும் வேளையில் தாய்மொழியே திக்கும். ஊர் மொழியில் விளக்கம் சொல்ல எப்படி முடியும்? நோயின் பெயர், மாத்திரை, வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவற்றை ஆங்கிலத்திலும் அந்த ஊர் மொழியிலும் எழுதிய அட்டை எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும்.

போலீஸாருக்கும் பொதுமக்களுக்கும் ஒரு வார்த்தை. வலிப்பு வந்தவரை அமுக்கிப் பிடிக்காதீர்கள். கையில் சாவி கொடுப்பதால் பயனில்லை. வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடம் கடந்தும் அடங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். விசாரணையை அவர் தெளிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.