அரண்மனை மைதானத்தில் ஓர் இரவு

பெங்களூர் அரண்மனையைச் சூழ்ந்த விஸ்தாரமான மைதானமானது, 2003 ஏப்ரலில் ரோலிங் ஸ்டோன்ஸ், 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன், 2011 அக்டோபர் 30ஆம் தேதி மெட்டாலிகா என, உலகப் பிரசித்தி பெற்ற ராக் இசைக் குழுக்கள் இந்திய ரசிகர்களை முதன்முதலாகச் சந்தித்த ஸ்தலமாகும்.

கல்லூரி நாட்களில் ஒலிநாடாவில் மாத்திரமே கேட்டு மகிழ்ந்த சங்கீதத்தை நேரில் கேட்கும் ஆவலோடு, குழந்தைகளைத் தாத்தா பாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு அங்கே வரும் தம்பதிகள், மேடைக்கு 170 மீட்டர் தள்ளி நிற்பார்களாயின், டிரம்ஸ் வாசிப்பவரின் கோல் விழுவதைக் கண்கள் கண்டு அரை விநாடி கழிந்த பின்னரே அந்த நாதம் செவியை எட்டும். ஏனெனில், ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் தூரமே செல்லும். தொலைவில் நிற்போருக்காக நடுவே நிறுத்தப்படும் ஒலிபெருக்கிக் கோபுரங்களும், ஒலி இரட்டித்துக் கேளாதிருக்கும் பொருட்டு, இந்தத் தாமதத்தைக் கணக்கிட்டே ஒலிக்குமாறு அமைக்கப்படுகின்றன.

இத்தகைய நிகழ்ச்சிகளில் சராசரி ஒலியளவு 100 டெசிபலைத் தாண்டலாகாது என்பது, உலக சுகாதார ஸ்தாபனம் 2022இல் வகுத்த நியமம். உட்புறச் செவியின் நுண்ணிய உணர்மயிர் அணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஆகையால், அன்புத் தம்பதிகளே, ஒலிபெருக்கிகளை விட்டு விலகி நில்லுங்கள்; செவியடைப்பான்களை அணிந்துகொள்ளுங்கள்; இடையிடையே சற்று அமைதியான இடத்துக்குச் சென்று செவிகளுக்கு ஓய்வு கொடுங்கள். அன்றைய ஆனந்தத்தை முதுமையிலும் ஒருவருக்கொருவர் சொல்லிக் கேட்டு மகிழச் செவிகள் வேண்டுமல்லவா!