40 டிகிரி வெயிலில் பட்டாசு மருந்து தானா வெடிக்குமா?

கோடையில் சிவகாசி, சாத்தூர் பக்கம் ஆலை விபத்து என்றாலே வாட்ஸ்அப்பில் முதலில் வரும் வரி இதுதான்: "வெயில் தாங்காம வெடிச்சிருச்சாம்." உண்மையிலேயே 40 டிகிரிக்கு மருந்து தீப்பிடிக்குமா?

சத்த வெடிக்கான மருந்தில் முக்கியமாக மூன்று பொருள்கள்: வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்), கந்தகம், அலுமினியத் தூள். இந்தக் கலவையில் சில மில்லிகிராம் எடுத்து, டி.எஸ்.சி. என்ற கருவியில் ஒரு காலிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாகச் சூடாக்குவார்கள். மருந்து வெப்பத்தை உறிஞ்சினால் கிராஃபில் பள்ளம், கக்கினால் மேடு. 115 டிகிரியை ஒட்டி ஒரு பள்ளம் விழும், கந்தகம் உருகுகிறது. 130-ஐ ஒட்டி இன்னொன்று. வெடியுப்பின் படிக அமைப்பு மாறுகிறது. தீப்பிடிக்கும் மேடு அதையெல்லாம் தாண்டி வெகு தூரம் போன பிறகுதான். ஆக, காய்ந்த, சுத்தமான மருந்து வெறும் வெயிலுக்கு வெடிக்காது.

ஈரம் பட்ட மருந்து வேற கதை. நனைந்த அலுமினியமும் நைட்ரேட்டும் சத்தமில்லாமல் வினைபுரிந்து சூடாகும், அமோனியா வாடை அடிக்கும். குவியலாகக் கிடந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. கலந்த மருந்தை மிச்சம் வைக்கக் கூடாது என்பது இதனால்தான். நிமிடத்துக்கு 0.02 டிகிரி ஏறினாலும் கண்டுபிடிக்கும் ஏ.ஆர்.சி. என்ற கருவி இருக்கிறது. பட்டாசு மருந்தை அதில் வைத்து ஆராய்ந்தவர்களில், சென்னை அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் உண்டு. ஆமாம், தோல் நிறுவனம்தான்!

ஆனால் விபத்துச் செய்திகளில் அடிக்கடி வரும் சொல் 'உராய்வு'. உராய்வைப் போலவே அடிபடுவதும் ஆபத்து, அதற்குத் தனி சோதனை. துளி மருந்தின் மேல் எடையை விழவிட்டு, எத்தனை ஜூலில் வெடிக்கிறது என்று பார்ப்பார்கள். ஆறு முறையில் ஒரு முறை 2 ஜூலிலோ அதற்குக் குறைவாகவோ வெடித்துவிட்டால், அதை அப்படியே லாரியில் ஏற்றக் கூடாது என்கிறது ஐ.நா. விதிமுறை. 2 ஜூல் என்பது ஒரு கிலோ படிக்கல் 20 செ.மீ. உயரத்திலிருந்து விழுவது, அவ்வளவுதான். அடி விழுந்த இடத்தில் ஊசிமுனை அளவு புள்ளி மட்டும் கண நேரத்தில் பல நூறு டிகிரிக்குப் போய்விடும். அறையின் வெப்பநிலை 30-ஆ 40-ஆ என்பது அதற்குப் பொருட்டே இல்லை. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை இதில் இன்னும் மோசம். 1992-இல் அதற்கு இந்தியாவில் தடை வந்தது.

வெயிலுக்குப் பங்கே இல்லையா? உண்டு, சுற்றுவழியில். காற்று வறண்டால் உடலிலும் துணியிலும் நிலைமின்சாரம் சேரும். ஒரு சின்னப் பொறி போதும்.

இன்னொரு சிக்கல், அளவீடு பரிசோதித்த கலவைக்கு மட்டுமே பொருந்தும். 2018-இல் பசுமைப் பட்டாசை மட்டும் உச்ச நீதிமன்றம் அனுமதித்தபின் கலவைகள் மாறின. புகையும் சத்தமும் அளக்கப்படுவது பேசப்படுகிற அளவுக்கு இந்த ஜூல் கணக்கு பேசப்படுவதில்லை. அதே ஃபார்முலாவில் அலுமினியத் தூளை மட்டும் இன்னும் நைசாக மாற்றினால்கூட மருந்து சுலபமாகப் பற்றும். சாக்கில் பெயர் அதேதான் இருக்கும். சல்லடையில் சலிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.