ஸ்பெயின் பெயர்களும் நம் வீட்டு ஃபாத்திமாவும்

குழந்தைக்குப் பெயர் கேட்டு நம்மிடம் வருகிறவர்கள், "ஹஜ்ரத், இதுக்கு அர்த்தம் என்ன?" என்று கேட்காமல் போவதில்லை. நல்ல வழக்கம்தான். ஆனால் பெயர் அந்த அர்த்தத்தைக் காலமெல்லாம் சுமந்துகொண்டே இருப்பதில்லை. ஸ்பெயின் நாட்டுப் பெயர்களைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும்.

மாட்ரிட் நகரில் பல பெண்களுக்கு அல்முதேனா என்று பெயர். 'அல்' என்றதுமே நமக்குப் பொறி தட்டும். அரபிச் சொல்தான். மதீனா என்பதன் தஸ்கீர், அதாவது சிறு கோட்டைநகர் என்றே பெரும்பாலோர் விளக்குகிறார்கள். மாட்ரிட்டே 9ஆம் நூற்றாண்டில் குர்துபா அமீர் முதலாம் முஹம்மது கட்டிய கோட்டையிலிருந்து வளர்ந்த ஊர். அதன் மதிலில் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. மதிலுக்குள்ளிருந்து மர்யம் அம்மையாரின் சிலை கிடைத்ததாகக் கிறிஸ்தவர்களிடம் ஒரு மரபுக்கதை உண்டு. இப்படிக் கோட்டையின் பெயர் சிலைக்குப் போனது; சிலையின் பெயர் பெண்பிள்ளைகளுக்கு வந்தது. இன்று மகளை அல்முதேனா என்று கூப்பிடும் தாயின் நினைவில் கோட்டையும் இல்லை, அரபியும் இல்லை.

டோலோரெஸ் என்றால் வேதனைகள். பெற்ற பிள்ளைக்கு யார் வேதனையை வேண்டுவார்? 'வியாகுல மரியா' என்ற நீண்ட பெயரின் வால் அது. வீட்டில் அதுவும் லோலா என்று சுருங்கிவிடும்; வேதனை போயே போச்சு. மெர்சிடிஸ் என்றால் கருணைகள். முஸ்லிம்களிடம் சிறைப்பட்ட கிறிஸ்தவர்களைப் பணம் கொடுத்து மீட்க 1218இல் பார்சிலோனாவில் தோன்றிய துறவியர் சபையோடு சேர்ந்த பெயர். பிற்காலத்தில் எமில் ஜெல்லினெக் என்ற வணிகருடைய மகளின் பெயர் காருக்கு ஆனது. இனி யாருக்குக் கருணை நினைவு வரும்?

இவை தானாகத் தேய்ந்தவை. பறிக்கப்பட்டவையும் உண்டு. கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களை அங்கே மோரிஸ்கோக்கள் என்றார்கள். கிரனாடாவில் அவர்களுடைய அரபி மொழியையும் அரபிப் பெயர்களையும் இரண்டாம் ஃபிலிப் மன்னரின் 1567ஆம் ஆண்டு ஆணை தடை செய்தது. 1609 முதல் 1614 வரை ஆட்களையே ஸ்பெயினிலிருந்து வெளியேற்றினார்கள்.

விநோதம் என்னவென்றால், ஃபாத்திமா என்ற பெயர் வேறு வழியாக அங்கே திரும்பி வந்தது. போர்ச்சுகலில் ஃபாத்திமா என்றொரு ஊர். 1917இல் மர்யம் அம்மையார் அங்கே காட்சி தந்ததாகக் கத்தோலிக்கர் நம்புகிறார்கள். அதை நினைத்து ஸ்பெயின் கிறிஸ்தவர்களும் தங்கள் பெண்களுக்கு ஃபாத்திமா என்று வைக்கிறார்கள்.

நம் வீட்டு ஃபாத்திமாக்கள்? பிள்ளைக்குப் பால் மறக்கடிப்பவள் என்பதே அச்சொல்லின் பொருள். அதை நினைத்து நம்மில் யாரும் வைப்பதில்லை. நபி (ஸல்) அவர்களின் அருமை மகளார் (ரலி) நினைவாக வைக்கிறோம். அர்த்தம் கேட்டு வந்த பெற்றோரிடம் இதைச் சொன்னால் சற்று விழிக்கிறார்கள். பிறகு அதே பெயரைத்தான் வைக்கிறார்கள்.